“உன் கணினியை ஹேக் செய்துவிட்டேன்” என்று மெயில் வந்தால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இப்படி ஒரு மெயில் வரும். அனுப்புநர் இடத்தில் உங்கள் சொந்த முகவரியே இருக்கும். தலைப்பில் நீங்கள் எப்போதோ வைத்திருந்த பாஸ்வேர்டு இருக்கும். உள்ளே ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருப்பார்கள். பல மாதமாக உன் கணினியில் என் மென்பொருள் ஓடுகிறது, நீ பார்த்த ஆபாசத் தளங்களையும் கேமரா வழியாக உன்னையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன், உன் கான்டாக்ட் பட்டியல் முழுவதும் என் கையில், 48 மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் வராவிட்டால் எல்லோருக்கும் வீடியோ போய்விடும். இந்த மெயிலை நீ திறந்ததுகூட எனக்குத் தெரியும் என்று ஒரு வரியும் சேர்த்திருப்பார்கள்.

2018 ஜூலை வாக்கில் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கிய மோசடி இது. அதற்குப் பிறகு வசனம் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. சிலவற்றில் பெகாசஸ் உளவு மென்பொருளின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். 2024-ல் அமெரிக்காவில் பலருக்கு அவர்கள் வீட்டு வாசலின் கூகுள் ஸ்ட்ரீட் வியூ படத்தையே ஒட்டி அனுப்பினார்கள். அனுப்புவது ஓர் ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்து அல்ல. ஃபோர்பியெக்ஸ் என்ற பாட்நெட் (தொற்று ஏறி, திருடர்கள் சொல்படி இயங்கும் கணினிகளின் கூட்டம்) ஒரு மணி நேரத்துக்கு 30,000 வரை இந்த மாதிரி மெயில்களை அனுப்பியதை செக் பாயின்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்டார்கள். நீங்கள் எந்தத் தளத்தைப் பார்த்தீர்கள், பார்க்கவில்லை என்பதெல்லாம் அனுப்பியவருக்குத் தெரியாது. பட்டியலில் உங்கள் முகவரி இருந்தது, போய்விட்டது. அவ்வளவுதான்.

படித்தவுடன் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். மிரட்டல் மெயில் வந்திருப்பது ஒரு விஷயம். உங்கள் மெயில் கணக்கு அடுத்தவர் கைக்குப் போயிருப்பது வேறு விஷயம். கணினிக்குள் ஏதாவது புகுந்திருப்பது மூன்றாவது விஷயம். முதலாவது நடந்ததால் மற்ற இரண்டும் நடந்துவிட்டது என்று அர்த்தமே இல்லை. ஆனாலும் சந்தேகத்தோடு தூங்க முடியாது, அதனால் மூன்றையும் வரிசையாகச் சோதித்துவிடுவோம்.

முதல் பத்து நிமிடம்

பதில் எழுதாதீர்கள். திட்டிக்கூட எழுதாதீர்கள். பதில் போனால் இந்த முகவரியில் ஓர் ஆள் இருக்கிறார், பயந்தும் இருக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். பணம் கொடுத்தால் அதோடு முடியும் என்று நினைக்கவும் வேண்டாம். கொடுத்தவரிடம் மறுபடி கேட்பதுதான் அவர்களுக்கு லாபம்.

மெயிலோடு ஏதாவது ஃபைல் இணைத்திருந்தால், ‘ஆதாரம் இதில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தாலும், திறக்காதீர்கள். அதில் உள்ள லிங்கையோ போன் நம்பரையோ தொடாதீர்கள். மெயிலை மட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் புகார் கொடுக்க உதவும். அப்புறம் ஸ்பேம் என்று குறித்துவிடலாம்.

மெயிலைத் திறந்ததாலேயே மாட்டிக்கொண்டோமோ என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. மெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை வைத்து, அது திறக்கப்பட்டதா என்று மட்டும் அறிய முடியும். ஜிமெயிலில் படங்கள் கூகுளின் சர்வர் வழியாகத்தான் வருகின்றன, அதனால் உங்கள் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரிகூட அவர்களுக்குப் போகாது.

என் முகவரியிலிருந்தே எனக்கு எப்படி வந்தது?

பலரையும் நம்பவைப்பது இந்த ஒன்றுதான். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-ல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் யார் என்று சரிபார்க்கும் வழி அதில் இல்லை. தபால் உறையின் மூலையில் அனுப்புநர் முகவரி என்று யாருடையதை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போடலாம் இல்லையா, மெயிலிலும் அப்படியே. பிற்பாடு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சரிபார்ப்புகளைச் சேர்த்தார்கள். அவற்றின் முடிவை நீங்களே பார்க்கலாம்.

மொபைல் ஆப்பில் இது தெரியாது, கணினியில் பிரவுசர் வழியாக ஜிமெயிலைத் திறக்க வேண்டும். மெயிலின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் புதிய பக்கம் ஒன்று வரும். கீழே இருக்கும் நீளமான எழுத்துக் கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம், மேலே உள்ள சிறு அட்டவணை போதும். நீங்கள் உண்மையாகவே அனுப்பிய மெயில் என்றால் மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’ என்று இருக்கும். மிரட்டல் மெயிலில் ‘ஃபெயில்’ அல்லது ‘சாஃப்ட்ஃபெயில்’ என்று காணலாம். அங்கேயே கதை வெளுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். ‘பாஸ்’ என்று வந்தால் அந்த மெயில் நல்லது என்று ஆகாது. மோசடிக்காரர் சொந்தமாக ஒரு டொமைன் (இணையப் பெயர்) வாங்கி அதிலிருந்து அனுப்பினால் மூன்றுமே பாஸ் ஆகும்.

அடுத்து, ‘சென்ட்’ ஃபோல்டரைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஆட்களுக்கு உங்கள் கணக்கிலிருந்து மெயில்கள் போயிருக்கின்றனவா? நண்பர்கள் யாராவது ‘நீ ஏதோ லிங்க் அனுப்பியிருக்கிறாயே’ என்று கேட்டார்களா? அப்படி இருந்தால் விஷயம் தீவிரம், கீழே மெயில் கணக்கு பற்றிய பகுதிக்கு நேராகப் போங்கள்.

பாஸ்வேர்டு சரியாக இருக்கிறதே?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். இந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். “தம்பி, வீட்ல யாருக்கும் சொல்லல. என் பாஸ்வேர்டையே எழுதியிருக்கான்பா” என்றார். “சார், இதை எங்கெல்லாம் போட்டிருக்கீங்க?” என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துச் சொன்னார், மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் ஒரு தளத்தில் பதிவு செய்தபோது வைத்தது. மகளுக்கு இப்போது பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கிறது. அதைவிட முக்கியம், சார் வீட்டில் இருப்பது கேமராவே இல்லாத டெஸ்க்டாப். எந்தக் கேமராவில் பதிவு செய்தான் என்று கேட்டதும்தான் அவர் முகம் தெளிந்தது. அதுவரை இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார். இந்த மோசடி ஓடுவதே இப்படிப்பட்ட வெட்கத்தை நம்பித்தான்.

பழைய பாஸ்வேர்டுகள் அவர்களுக்குக் கிடைப்பது உங்கள் கணினியிலிருந்து அல்ல, நீங்கள் பதிவு செய்த ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து. 2012-ல் லிங்க்ட்இன் தரவு திருடுபோனது. அதில் சுமார் 11.7 கோடி கணக்குகளின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டு ஹேஷும் (பாஸ்வேர்டை உருமாற்றி வைத்த வடிவம், எளிய பாஸ்வேர்டு என்றால் அதை உடைத்துப் படித்துவிடலாம்) 2016-ல் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் பிக்பாஸ்கெட் தரவு 2020-ல் கசிந்தது, 2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரம். இப்படிக் கசிந்தவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மெயில் முகவரிக்கு நேராகப் பாஸ்வேர்டு என்று பட்டியல் போட்டு விற்கிறார்கள். மிரட்டுபவர் அந்தப் பட்டியலை வாங்கி, மெயிலில் காலியாக விட்ட இடத்தில் பாஸ்வேர்டைப் பொருத்திவிடுகிறார்.

உங்கள் முகவரி எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளம் இருக்கிறது. மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். கசிவின் பெயரையும் ஆண்டையும் காட்டும். குரோமில் பாஸ்வேர்டு சேமித்து வைத்திருப்பவர்கள், கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரில் ‘செக்கப்’ என்பதை அழுத்தினால் கசிந்தவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டும்.

மெயிலில் வந்த பாஸ்வேர்டை இன்றும் எங்காவது பயன்படுத்துகிறீர்களா என்பதுதான் கேள்வி. இல்லை என்றால் வேலை முடிந்தது. ஆம் என்றால், அது இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் இன்றே மாற்றுங்கள். ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் வைப்பதுதான் இந்த மெயிலைவிடப் பெரிய ஆபத்து. ஓரிடத்தில் கசிந்ததை வைத்து மற்ற இடங்களிலெல்லாம் தானியங்கியாக முயன்று பார்க்கும் மென்பொருள்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

மெயில் கணக்கைச் சோதிப்பது

என்னைக் கேட்டால், கணினியைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடை, வங்கி, சமூக வலைத்தளம் எல்லாவற்றிலும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் லிங்க் வந்து விழுவது மெயிலில்தான். மெயில் போனால் எல்லாம் போகும்.

கணினி மேல் சந்தேகம் இருந்தால் இந்த வேலையை அதில் செய்யாதீர்கள். உங்கள் கைப்பேசியிலோ வீட்டில் வேறொருவர் கணினியிலோ செய்யுங்கள். சந்தேகப்படும் கணினியில் புதிய பாஸ்வேர்டைத் தட்டினால் அதுவும் கூடவே போய்விடலாம்.

ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் ஏறத்தாழ இதே இடங்கள்தான்.

கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பக்கத்துக்குப் போய் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’ என்று இருக்கும். உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் அது. தெரியாத கருவி இருந்தால் ‘சைன் அவுட்’ கொடுங்கள். ஊர்ப் பெயரைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். நீங்கள் திருநெல்வேலியில் இருந்தாலும் இணைய நிறுவனத்தின் ஐபி சென்னை என்று காட்டுவது சாதாரணம். கருவியின் பெயரையும் நேரத்தையும் பாருங்கள். விற்றுவிட்ட பழைய போன் இன்னும் பட்டியலில் இருந்தால் அதையும் நீக்குங்கள்.

அடுத்து மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும். இரண்டும் உங்களுடையதுதானா? கணக்கைப் பிடித்தவர் முதலில் மாற்றுவது இதைத்தான். பழைய சிம் நம்பர் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நீங்கள் விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்திருக்கும்.

இப்போது பலரும் பார்க்காமல் விடும் இடம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து பல்சக்கரப் படத்தை அழுத்தி ‘சீ ஆல் செட்டிங்ஸ்’ போங்கள். அதில் ‘ஃபில்டர்ஸ்’ என்ற தாவலும் ‘ஃபார்வர்டிங்’ என்ற தாவலும் இருக்கும். உங்கள் மெயில்கள் எல்லாம் தெரியாத முகவரி ஒன்றுக்கு நகல் போகும்படி அமைத்திருக்கலாம். அல்லது வங்கியின் பெயர் வரும் மெயில் எல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி ஒரு ஃபில்டர் போட்டிருக்கலாம். உங்களுக்கு எச்சரிக்கை வந்தும் கண்ணில் படாமல் போவது இப்படித்தான். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கும், நீங்கள்தான் கையால் நீக்க வேண்டும். கணக்கோடு இணைந்திருக்கும் வெளி ஆப்களின் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துத் தேவையில்லாததை நீக்குங்கள்.

கடைசியாக இரண்டு கட்டச் சரிபார்ப்பு. எஸ்எம்எஸ் ஓடிபி இருப்பது ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். போனிலேயே குறியீடு உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் அதைவிட நல்லது. பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் விரல்ரேகை, பூட்டு எண் போன்றவற்றைக் கொண்டே நுழைய வைக்கும் பாஸ்கீ இன்னும் நல்லது, ஏனென்றால் போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. கூகுள் 10 பேக்கப் குறியீடுகள் கொடுக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். போன் தொலைந்த நாளில் கை கொடுக்கும்.

பாஸ்வேர்டு எப்படி வைப்பது என்றால், நீளமாக, இடத்துக்கு ஒன்றாக. நினைவில் நிற்காது, நிற்கவும் வேண்டாம். பிரவுசரிலோ பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு மேனேஜரிலோ சேமிக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கோ இருக்கும் திருடன் அந்த பீரோவைத் திறக்கப் போவதில்லை.

கணினியைச் சோதிப்பது

கணினி மெதுவாக ஓடுவது, ஃபேன் சத்தம் போடுவது, பேட்டரி சீக்கிரம் இறங்குவது: இவற்றை வைத்து ஹேக் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் குறைந்த ரேமும்தான் காரணம். உண்மையில் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. விண்டோஸ் செக்யூரிட்டி தானாக அணைந்து, போட்டாலும் திரும்ப வராமல் இருப்பது. நீங்கள் தொடாமல் மவுஸ் நகர்ந்து எதையாவது திறப்பது. நீங்கள் நிறுவாத எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் இருப்பது. உங்கள் பெயரில் வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் தகவல்கள் போவது.

சோதிக்க, ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறங்கள். ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ உள்ளே ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ இருக்கும். முதலில் ‘ஃபுல் ஸ்கேன்’ ஓட்டுங்கள், நேரம் எடுக்கும், ஓடட்டும். அது முடிந்ததும் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு இதை அழுத்துங்கள், கணினி அணைந்து மறுபடி எழும். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால், ஓடும்போது ஒளிந்துகொள்கிற மால்வேரையும் (கெடுதல் செய்யும் மென்பொருள்) பிடிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். முடிவு ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ பகுதியில் இருக்கும்.

பிறகு செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். சந்தேகம் தொடங்கிய நாளையொட்டி நீங்கள் போடாத ஏதாவது வந்திருக்கிறதா? நீக்குங்கள். பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களையும் அப்படியே பாருங்கள். கூப்பன் தேடித் தருகிறேன், வீடியோ இறக்கித் தருகிறேன் என்று வரும் எக்ஸ்டென்ஷன்களை நான் யார் கணினியிலும் விட்டு வைப்பதில்லை.

காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்து வைத்த கிராக் மென்பொருள் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். நான் பார்த்தவரை, உண்மையிலேயே தொற்று இருந்த கணினிகளில் பெரும்பாலும் ஏதாவது ஒரு கிராக் இருந்தது. போட்டோஷாப்போ, தட்டச்சு மென்பொருளோ, விண்டோஸ் ஆக்டிவேட்டரோ. நிறுவும்போது ‘ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடவும்’ என்று ஒரு குறிப்பு இருக்கும், நாமே கதவைத் திறந்து விடுகிறோம். அதற்குள் ரெட்லைன் போன்ற, தகவல் திருடும் இன்ஃபோஸ்டீலர்கள் இருக்கும். ரெட்லைன் பரவிய அளவுக்கு, 2024 அக்டோபரில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து ஆபரேஷன் மேக்னஸ் என்று நடவடிக்கை எடுத்து அதன் சர்வர்களை முடக்க வேண்டியிருந்தது. இவை மிரட்டாது, மெயில் அனுப்பாது. சத்தமில்லாமல் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளமான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், ஏற்கெனவே உள்ளே இருப்பவராகவே நுழைந்துவிடலாம். அதனால்தான் மேலே தெரியாத கருவிகளை சைன் அவுட் செய்யச் சொன்னேன்.

ஸ்கேனில் இந்த மாதிரி எதுவும் சிக்கினாலோ, கிராக் போட்டிருந்து சந்தேகம் தீராவிட்டாலோ, விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவதே நல்லது. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள், செட்டப் ஃபைல்களை எடுக்காதீர்கள். செட்டிங்ஸில் ‘ரெகவரி’ உள்ளே ‘ரீசெட் திஸ் பிசி’, ‘ரிமூவ் எவ்ரிதிங்’, ‘கிளவுட் டவுன்லோடு’. 4 ஜிபிக்கு மேல் டேட்டா ஆகும். கடையில் கொடுத்துச் செய்வதானால், ஒரிஜினல் விண்டோஸ்தானா, ஆக்டிவேட்டர் எதுவும் போடுகிறார்களா என்று கேட்டு நில்லுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமானால் ஏற்றிவிடுங்கள்.

திரை முழுக்க எச்சரிக்கை, கூடவே ஒரு போன் நம்பர்

மெயில் இல்லாமல் இன்னொரு வழியாகவும் இதே பயத்தைக் கிளப்புவார்கள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, சைரன் சத்தம், கணினி பூட்டப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள். அது வெறும் வலைப்பக்கம்தான், முழுத்திரையில் காட்டுகிறார்கள். எஸ்கேப் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையா, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தால்கூடப் போதும்.

கணினியின் வலது கீழ் மூலையில் ‘வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று அடிக்கடி எட்டிப் பார்த்தால், ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் நின்றுவிடும்.

அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போட்டு, கணினியைக் கையில் கொடுத்துவிட்டீர்களா? உடனே வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள். பேச்சை முடிக்க மரியாதை பார்க்க வேண்டாம். பிறகு அந்த மென்பொருளை நீக்கி, மேலே சொன்ன ஸ்கேன், வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டு மாற்றம், எல்லாம். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது நெட் பேங்கிங் திறந்திருந்தால் முதல் வேலை வங்கிக்குப் போன்.

லிங்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வருமான வரி ரீஃபண்ட், கேஒய்சி காலாவதி, ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிப்பு, கூரியர் நிற்கிறது: மெயிலின் சாக்கு எதுவானாலும் கடைசியில் ஒரு லிங்கில்தான் வந்து நிற்கும். கணினியில் லிங்க் மேல் மவுஸை வைத்தால், அழுத்தாமலே, கீழே உண்மையான முகவரி தெரியும். கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். அதை இடமிருந்து வலமாகப் படிக்காதீர்கள். முதல் தனிச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். கோட்டுக்கு முன்னால் கடைசியாக உள்ள பெயர் யாருடையதோ, தளம் அவருடையது. தொடக்கத்தில் உங்கள் வங்கியின் பெயரே இருந்தாலும், கோட்டுக்கு முன் ‘கேஒய்சி அப்டேட் டாட் டாப்’ என்று முடிந்தால் அது வங்கி அல்ல. இந்திய வங்கிகளின் தளங்கள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்தது. இப்போது சரிபார்ப்பது இன்னும் எளிது.

இணைப்புகளில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஃபைலின் பெயர் ‘பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ’ என்று இருக்கும். விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால் கண்ணுக்கு பிடிஎஃப் போலத் தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இயக்கி வைத்தால் முழுப் பெயரும் தெரியும்.

உண்மையிலேயே வீடியோ இருந்தால்

இதுவரை சொன்னது கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அனுப்பும் மெயிலைப் பற்றி. ஆனால் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வீடியோ கால் வந்து, எதிர்முனையில் ஆடையில்லாமல் ஒருவர் தோன்றி, அதைப் பதிவு செய்து மிரட்டுகிறார்கள் என்றால் அது வேறு. அங்கே பதிவு நிஜமாக இருக்கிறது. அப்போதும் பணம் கொடுக்காதீர்கள், பிளாக் செய்யுமுன் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகார் கொடுங்கள். படம் பரவாமல் தடுக்க ‘ஸ்டாப்என்சிஐஐ டாட் ஆர்க்’ என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் கருவியிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை. பிள்ளைகள் இப்படி மாட்டிக்கொண்டு வந்து சொன்னால் தயவுசெய்து அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். சொல்ல வந்ததே பெரிய விஷயம்.

பணம் போயிருந்தால்

நேரம்தான் முக்கியம். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், இந்தியா முழுக்க ஒரே எண். பணம் திருடரின் கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுத்து நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், எந்தக் கணக்கிலிருந்து என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ தளத்திலும் புகாரைப் பதிவு செய்து ஒப்புகை எண்ணை வாங்குங்கள். பணம் போகாத வெறும் மிரட்டலுக்கும் இங்கே புகார் கொடுக்கலாம்.

கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு கிடையாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. தவறு நம்முடையதுதானே என்று கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் இழப்பு கூடும்.

புகார் கொடுத்த சில நாட்களில் இன்னொரு மெயிலோ போனோ வரலாம். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஒரு கட்டணம் செலுத்துங்கள் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலையும் விற்கிறார்கள், அதை வாங்கியவர்தான் பேசுகிறார். மீட்ட பணத்தைத் திருப்பித் தரக் காவல்துறையோ வங்கியோ உங்களிடம் பணம் கேட்பதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒப்புகை எண்ணை வைத்து அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.